கடைசி அத்தியாயம் இல்லாத பிரதி

ஸ்டூவர்ட் தீவு
9 பிப்ரவரி 1986

அன்புள்ள ஷோனாவுக்கு,

இங்கே நானும் உன் தம்பி டூகலும் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த இடத்து வேலைதானே, காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொள் என்று போன தடவையே எழுதியிருந்தேன். நீ செய்திருக்க மாட்டாய்.

அனுப்பிய இரண்டு நாவலும் முடித்தாகிவிட்டது. பாதிரியார் விஷம் வைக்கிற கதையில் கொலைகாரன் யார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போகிற வீட்டிலெல்லாம் தேநீர் வேண்டாம் என்று சொல்லும் பாதிரியாரை இந்த நாட்டில் யாராவது பார்த்ததுண்டா? சந்தேகப்படாமல் என்ன செய்வது? ஆனாலும் முழுக்கப் படித்தேன். நமக்குள் பேசிவைத்தபடி கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் புரட்டவில்லை.

டாக்டர் குடும்பத்துக் கதை வேறு விஷயம். எவ்வளவு தடிமன்! அந்தப் பெரிய டாக்டர் பாதிப் புத்தகம்வரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆசிரியர் அதை ஆழம் என்கிறார். ஆழமான கிணறு என்றால் வாளி விட்டால் தண்ணீர் வர வேண்டும். இங்கே வாளி மட்டும்தான் மேலே வருகிறது. அவள் சாகக் கிடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாராம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, அதை மறைப்பானேன். அந்த நேரம் பார்த்து டூகல் உள்ளே வந்தான்.

"யாரு செத்தா?"

"ஒரு டாக்டர் பொண்டாட்டி."

"எந்த ஊரு டாக்டரு?"

"புஸ்தகத்துல வர்ற டாக்டரு."

"எவனோ இட்டுக்கட்டினதுக்கா இந்த அழுகை? அடுப்புல ஏதோ தீயுது பாரு."

தீய்ந்தது சீஸ் ரோல். கருகினதையே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். குறை ஒன்றும் சொல்லவில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

டூகலுக்குக் காட் மீன் இந்த மாதம் நன்றாகப் படுகிறது. அடுத்த பொட்டலத்துக்காகத் தபால் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
நோலீன்


டனீடன்
2 மார்ச் 1986

அன்புள்ள நோலீன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. முக்காலி கேட்டேன், பல் டாக்டர் பிரிங்கிளே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அதுதான் வினையாயிற்று. கால் சுகமாக இருந்தால் கை தானாகப் புத்தகத்துக்குப் போகிறது. போன வாரம் மேசைக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அவர் குரல்.

"ஷோனா, அந்தம்மா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரமா நிக்கிறாங்க. நீங்க எந்தப் பக்கத்துல நிக்கிறீங்க?"

டாக்டர் குடும்பத்துக் கதையில் நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார். டூகலும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஆம்பளைகள் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். அதனால் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா? பள்ளிக்கூட நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதே இதையெல்லாம் பார்த்தவள்தானே நீ. அப்போது உனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச காலமாக நீ நாவலைப் பற்றி எழுதுவதில்லை. நாவலில் வரும் புருஷன்மார்களைப் பற்றித்தான் எழுதுகிறாய். ஒருத்தனாவது உன்னிடம் தப்பினான் என்று பார்த்தால், இல்லை. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? நான் அவனுடைய அக்கா என்பதற்காக என்னிடம் மறைக்காதே. அவனுக்கு நீ பெண்டாட்டியாவதற்கு முன்பே எனக்கு நீ சிநேகிதி.

இத்துடன் ஒரு பச்சை அட்டை நாவல் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஆளரவமற்ற ஒரு ரயில் நிலையம், ஸ்டேஷன் மாஸ்டர் க்ளெம், அவன் மனைவி மார்னா. நூலகத்தில் எடுத்துப் படித்தேன், மனதை விட்டுப் போகவில்லை. தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் இன்னொரு பிரதி கண்ணில் பட்டது. பிரித்துக்கூடப் பார்க்காமல் உனக்காக எடுத்துவிட்டேன். கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பார்த்துப் புரட்டு.

டூகலின் முதுகு எப்படி இருக்கிறது? கம்பளிப் பட்டையைக் கட்டச் சொல்.

உன்,
ஷோனா


ஸ்டூவர்ட் தீவு
20 ஏப்ரல் 1986

அன்புள்ள ஷோனா,

நலம். தாமதமாகிவிட்டது. நீரிணையில் ஒரே காற்று, ஃபெரிப் படகும் ஓடவில்லை, விமானமும் வரவில்லை. கடையில் ரொட்டி தீர்ந்து, ஆளுக்கொரு மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு போனோம். டூகல் பட்டை கட்டுகிறான்.

பச்சை அட்டை நாவலை முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஷோனா, இந்த ஆசிரியர் சாதாரண ஆள் இல்லை. நானும் எத்தனையோ முடிவுகளைப் படித்திருக்கிறேன். கல்யாணத்தில் முடித்திருக்கிறார்கள், சாவில் முடித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் முடித்திருக்கிறார்கள். இப்படி முடித்து நான் பார்த்ததில்லை. பெட்டியோடு மார்னா நடைமேடையில் நிற்கிறாள். ரயில் வருகிறது. ஒரு காலைப் படியில் வைக்கிறாள். 'வண்டி அசைந்தது. அவள்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது! ஒரு முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. ஏறினாள் என்று எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. அவளை நம் கையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பார்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. இவனிடம் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, எந்த நாவலாக இருந்தாலும் "அதுல மீன் வருதா?" என்பதுதான் இவன் கேட்கும் ஒரே கேள்வி. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே கேட்டான்.

"ஏறினாளா, இல்லையா?"

"அதை அவர் எழுதலை. நம்மகிட்ட விட்டுட்டார்."

"சோம்பேறிப் பயல்."

"நீ சொல்லேன் டூகல். நீ என்ன நினைக்கிற? அவ ஏறியிருப்பாளா?"

இரை வாளியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்விட்டான்.

உன் நூலகப் பிரதியைப் படித்தபோது அந்த இடத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று விரிவாக எழுது. இங்கே சிங்கி இறால் இனிமேல் குறையும். குளிர் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
நோலீன்


டனீடன்
4 மே 1986

அன்புள்ள நோலீன்,

நலம், நலமறிய ஆவல் என்று ஒழுங்காக ஆரம்பிக்கப் பார்த்தேன், சிரிப்பு விடவில்லை. முற்றுப்புள்ளி இல்லாததை நீ பாராட்டிய இடத்தில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. உன் பிரதியில் கடைசி அத்தியாயமே இல்லை! அதற்குப் பிறகு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. கட்டு தளர்ந்து எங்கேயோ உதிர்ந்து போயிருக்கிறது. ஆசிரியரின் தைரியம் என்று நீ மெச்சியதெல்லாம் பழைய பசையின் வேலை. இத்தனை நாவல் படித்த உனக்கும் எனக்கும்தான் இப்படி ஒரு தவறு செய்ய வரும். ஒன்றுமே படிக்காதவள் என்றால் பக்கத்தைக் காணோமே என்றுதான் கேட்டிருப்பாள்.

சிரித்து முடித்த பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

அதில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் சொல்லப்போவதில்லை. வேண்டுமென்றால் நூலகத்தில் அந்த அத்தியாயத்தை நகல் எடுத்து அனுப்புகிறேன். வேண்டுமா என்று ஒரு வரி எழுது. நான் மார்ச்சில் கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை. அதற்கும் ஒரு வரி எழுது.

உன்,
ஷோனா


டனீடன்
8 ஜூன் 1986

அன்புள்ள நோலீன்,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, கடிதம் இல்லையே. இன்று காலை தொலைபேசியில் அழைத்தேன். டூகல் எடுத்தான்.

"நோலீன் இல்லையா?"

"வெளிய போயிருக்கா."

"நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா."

இதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. பிரிங்கிள் பல் பிடுங்குவது எவ்வளவோ சுலபம்.

நீ கேட்காததை நான் செய்திருக்கிறேன். கடைசி அத்தியாயத்தை நகல் எடுத்துத் தனி உறையில் போட்டு ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிப்பதும் பிரிக்காததும் உன் இஷ்டம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ எதற்குத் தயாராகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அவனுடைய அக்கா. ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தால் அதைத் தடுக்க முடியுமானால் தடுத்துப் பார்க்கிறேன். அவ்வளவு பயமாக இருக்கிறது எனக்கு.

பதில் எழுது.

ஷோனா


ஸ்டூவர்ட் தீவு
6 ஜூலை 1986

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நோலீன் இங்கே இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபெரியில் போனாள். வடக்கே நெல்சன் ஊருக்குப் போகிறேன், திரும்ப மாட்டேன் என்று முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். சரி என்றேன். துறைவரைக்கும் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கனமாக இருந்தது. எல்லாம் புத்தகம் என்று நினைக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கேட்டால் உன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

அவள் போன பிறகு உன் கடிதம் வந்தது. அவளுக்கு வந்ததை நான் பிரித்தது தப்புதான். கூடவே அந்த நகல் இருந்தது. படித்தேன். நாவலை அவள் இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள், நான் படித்ததில்லை, ஆனால் அந்த அத்தியாயம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. அந்தப் பொம்பளை ரயிலில் ஏறிப் போகிறாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்துவிடுகிறாள். நல்ல முடிவு.

அக்கா, நீ நிறையப் படித்தவள். அதனால் கேட்கிறேன். இவளுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. அப்படியானால் இவளும் வந்துவிடுவாளா? உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

டூகல்


நெல்சன்
13 ஜூலை 1986

அன்புள்ள ஷோனா,

முகவரியைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். நலமாக இருக்கிறேன். இங்கே குளிர் அவ்வளவு இல்லை. கடற்கரையோரம் ஒரு மோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன், அங்கேயே தங்க ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அறையைக் காலி செய்பவர்கள் நாவல்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு இனிப் பஞ்சமில்லை.

உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அந்த அத்தியாயம் எனக்கு வேண்டாம். மார்னா திரும்பி வந்துவிடுகிறாள், அப்படித்தானே? நீ மறைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் ஒரேயடியாகப் போய்விட்டிருந்தால் கடைசி வரியையும் சேர்த்து எழுதியிருப்பாய். உனக்கு வாய் நிற்காது.

நாவலைப் படித்துவிட்டு நான் கிளம்பிவிட்டதாக நினைக்காதே. அவ்வளவு பெருமையை அதற்குக் கொடுக்க மாட்டேன். மனதில் பெட்டி கட்டி ரொம்ப நாளாகிறது. உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன் தம்பி நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். யாரிடம் போய் என்ன குறை சொல்வது? பதிலே வராத வீட்டில் பேசிப் பேசி என் குரலைக் கேட்டாலே எனக்கு அலுத்துப் போய்விட்டது ஷோனா. அவ்வளவுதான் காரணம்.

துறையில் பெட்டியை இறக்கி வைத்தான். ஏன் போகிறாய் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "நடுவுல உக்காரு, ஓரத்துல தண்ணி அடிக்கும்" என்றான். நடுவில்தான் உட்கார்ந்தேன். எதிர்க்கரையில் பிளஃப் துறை வரும்வரை அழுதேன்.

என்மேல் கோபமாக இருந்தாலும் புத்தகத்தைப் பற்றியாவது எழுது. அதை நிறுத்திவிடாதே.

நோலீன்


டனீடன்
27 ஜூலை 1986

அன்புள்ள டூகல்,

நான் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நோலீன் எனக்கு எழுதியிருக்கிறாள். அவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை உனக்கு எழுத எனக்கு மனசில்லை. இருந்தும் நீ ஆசையோடு துறைக்குப் போய் நிற்பதைவிட இது மேல்.

நாவலில் மார்னா திரும்பி வருகிறாள் என்பதெல்லாம் கணக்கில்லை. ஒரு புத்தகத்தை எப்படியாவது முடித்தாக வேண்டும், அந்த ஆசிரியருக்கு அப்படி முடிக்கத் தோன்றியது. நானும் உன் பக்கம் நின்று, அந்த நகலைக் காட்டி அவளை மடக்கப் பார்த்தேன். அது வெட்கக்கேடு. உன் மௌனத்துக்கெல்லாம் அவளிடம் நான்தான் இத்தனை காலமும் வக்கீலாக இருந்திருக்கிறேன். இனி இல்லை.

நீ கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு நல்ல முடிவு என்கிறாய். முதல் பக்கத்திலிருந்து படி. அதற்குப் பிறகும் அது நல்ல முடிவா என்று பார். என்ன தோன்றுகிறதோ அதை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. முகவரி பின்னால் இருக்கிறது. வா என்று ஒரு வார்த்தை அதில் இருக்கக்கூடாது. நாவலைப் பற்றி மட்டும் எழுது.

கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்.

உன் அக்கா,
ஷோனா


ஸ்டூவர்ட் தீவு
31 ஆகஸ்ட் 1986

அன்புள்ள நோலீன்,

நான் நலம். முதுகு பரவாயில்லை. நீ கேட்கவில்லை, ஆனால் கடிதம் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது. நீ நலமா? மோட்டலில் கனமான கட்டில் எதையும் தனியாக நகர்த்தாதே.

இது உன்னைக் கூப்பிடுகிற கடிதம் இல்லை. பச்சை அட்டைப் புத்தகத்தை நீ இங்கேயே விட்டுப் போயிருந்தாய். முதலிலிருந்து படித்தேன். கடைசி அத்தியாயம் தனியாக அக்கா அனுப்பியிருந்தாள். எனக்குப் படிக்க நாளாகிறது, ஒரு பக்கத்தையே இரண்டு தரம் படிக்க வேண்டியிருக்கிறது.

ரயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அதில் குறை சொல்ல முடியவில்லை. ஆரம்பம் இழுக்கிறது. நாய் சாகிற இடம் நன்றாக இருந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

க்ளெமை எனக்கு முதலில் பிடித்திருந்தது. நேரத்துக்குக் கொடி காட்டுகிறான், வேலையில் சுத்தம். இப்படி ஒருத்தனைக் கட்டிக்கொண்டு அவள் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நடுவில் ஓர் இடம் வருகிறது. அவள் சின்ன வயதில் கண்ட ஒரு கனவை அவனிடம் சொல்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். அங்கே புத்தகத்தை மூடி வைத்தவன்தான், பல நாள் எடுக்கவில்லை. கடலுக்கும் போகவில்லை. காற்றும் இருந்தது, ஆனால் காற்று காரணமில்லை.

பிறகு எடுத்து முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் தண்டவாளத்தோடு நடந்தே வருகிறாள். அவன் பார்த்துவிட்டு, சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது என்கிறான். அவள் தட்டை எடுக்கிறாள். அத்தோடு சரி. அதை மட்டும் படித்தபோது நல்ல முடிவு என்று அக்காவுக்கு எழுதினேன். முழுக்கப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஏன் போனாய் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாதவனிடம் அவள் அவ்வளவு தூரம் வெயிலில் திரும்பி நடந்திருக்க வேண்டாம்.

அந்தப் பக்கங்கள் இல்லாமல் நீ படித்ததுதான் சரியான புத்தகம்.

அன்றைக்கு நீ கேட்டாய், நான் என்ன நினைக்கிறேன் என்று. அவள் ஏறிப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். போனதும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

டூகல்